தானாக முளைத்தது யாருக்குச் சொந்தம்?

அகில உலகங்களையும் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல நாயன் ஒன்றையும் வீணுக்காகப் படைக்கவில்லை என்பது நாம் அனைவரும் வாயால் ஒப்புக்கொள்ளும் உண்மை. பயான் மஜ்லிஸ்களில் இதைக் கேட்கும்போதெல்லாம் தலையசைக்கிறோம், ஸுப்ஹானல்லாஹ் என்கிறோம். ஆனால் மழை பெய்து ஓய்ந்த நாலாம் நாள், வீட்டுக் கொல்லையில் முளைத்து நிற்கும் செடியைக் கண்டதும் நம் வாயில் முதலில் வருவது ‘களை’ என்ற சொல்தான். சுவரோரமாக ஊர்ந்து போகும் ஓர் உயிரைக் கண்டதும் ‘பூச்சி’ என்ற சொல் வாய்க்கும், விளக்குமாறு கைக்கும் வந்துவிடுகின்றன. நாவின் ஈமானுக்கும் கையின் பழக்கத்துக்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தைப் பற்றி இம்மாதம் சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

இது ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வி அல்ல. ஆண்டுதோறும் நம் ஜமாஅத்துகளில் எழும் கேள்வி. மழைக்காலம் முடிந்ததும், “மையவாடி புதர் மண்டிக் கிடக்கிறது, சுத்தம் செய்ய வேண்டும்” என்று பேச்சு வருகிறது. முன்னாளில் நாலு பேர் அரிவாளும் மண்வெட்டியுமாகப் போய், ஜனாஸா கொண்டு செல்லும் பாதையைத் திருத்திவிட்டு வருவார்கள். மற்ற இடம் அப்படியே இருக்கும். இந்நாளில் பொக்லைன் எந்திரமும் களைக்கொல்லி மருந்தும் வந்துவிட்டன. காலையில் தொடங்கினால் அஸருக்குள் ஒரு பசுந்தளிர் கூட மிஞ்சாமல் வேலை முடிந்துவிடுகிறது. செலவும் குறைவு, பார்வைக்கும் துப்புரவு. இதில் என்ன குற்றம் என்று கேட்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆகவே அவர்களுக்கு நிதானமாகவே விடை தேட வேண்டும்.

‘எதற்குப் பயன்?’ என்னும் கேள்வி

நம்மில் பலர் முன்வைக்கும் வாதம் இதுதான்: பூமியில் உள்ள அனைத்தையும் அல்லாஹ் நமக்காகவே படைத்தான் என்று திருமறை கூறுகிறது (2:29). அப்படியானால் நமக்குப் பயன்படுவதை வைத்துக்கொள்வதும், பயன்படாததை அகற்றுவதும் நமது உரிமை அல்லவா?

இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மனிதன் பூமியில் பிரதிநிதியாக ஆக்கப்பட்டவன். உழுகிறான், விதைக்கிறான், அறுக்கிறான்; அவை யாவும் அவனுக்கு ஆகுமானவை. ஆனால் ‘நமக்காக’ என்பதை ‘நமக்காக மட்டுமே’ என்று படிக்க நமக்கு யார் அனுமதி தந்தார்கள்? அதே திருமறை பூமியைப் படைப்பினங்களுக்காக விரித்து வைத்ததாகக் கூறும் இடத்தில் (55:10), அச்சொல் உயிருள்ளவை அனைத்தையும் குறிக்கும் என்று விளக்கவுரையாளர்களில் பலர் எழுதியிருக்கிறார்கள். ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பது இன்னோர் இடத்தில் வருகிறது (6:38). ஒவ்வொரு பொருளும் அவனைத் துதிக்கிறது, அந்தத் துதியைத்தான் நாம் விளங்கிக்கொள்வதில்லை என்றும் கூறப்படுகிறது (17:44). துதி இல்லை என்று சொல்லப்படவில்லை. நமக்கு விளங்கவில்லை என்றே சொல்லப்படுகிறது. குறை எங்கே இருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா?

மேலும், பயன் என்பது வாய்க்கும் வயிற்றுக்கும் உரியது மட்டும்தானா? படிப்பினை பெறுவதும் பயன்தான். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் நாற்பது பாகங்களில் ஒன்றைச் சிந்தனை செய்தல் என்ற பொருளுக்கே ஒதுக்கினார்கள். அங்கே கொசுவையும் எறும்பையும் சிலந்தியையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் படைத்தவனின் ஞானத்தை விளக்குகிறார்கள். அந்த ஞானம் யானையிடத்தில் இருந்தது போலவே கொசுவிடத்திலும் அவர்களுக்குத் தென்பட்டது. நம் கண்களுக்கு ஏன் தென்படுவதில்லை என்றால், நாம் நின்று பார்ப்பதில்லை. கனிகள் காய்க்கும்போதும் பழுக்கும்போதும் அவற்றைப் பாருங்கள் என்பது திருமறையின் கட்டளை (6:99). தின்னச் சொல்வதற்கும் பார்க்கச் சொல்வதற்கும் வேறுபாடு உண்டல்லவா?

எறும்பு சொன்ன வார்த்தை

ஸுலைமான் (அலை) அவர்களின் படை எறும்புகளின் பள்ளத்தாக்கை நெருங்கியபோது, ஓர் எறும்பு தன் கூட்டத்தாரை வீடுகளுக்குள் நுழைந்துவிடும்படி எச்சரித்தது (27:18). படையினர் கொடியவர்கள், வேண்டுமென்றே மிதிப்பவர்கள் என்று அது குற்றம் சாட்டவில்லை. அவர்கள் அறியாமலேயே மிதித்துவிடக்கூடும் என்றுதான் அஞ்சியது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு அந்த நபி புன்னகைத்தார்கள். தமக்கு அளிக்கப்பட்ட அருளுக்கு நன்றி செலுத்தவும் நற்செயல் புரியவும் உதவி வேண்டி இறைஞ்சினார்கள்.

நாம் பேசிக்கொண்டிருக்கும் பிரச்சினையின் உயிர்நாடி இதுவே. மையவாடியில் மருந்து தெளிப்பவரும், கொல்லையைச் சுட்டு எரிப்பவரும் கொடியவர்கள் அல்லர், அறியாதவர்கள். அறியாமல் செய்த தவறுக்கு மார்க்கத்தில் மன்னிப்பு உண்டு என்பதும் உண்மையே. ஆனால் அறிந்துகொள்ள வழி இருந்தும், கண் எதிரே இருந்தும், ஆண்டு முழுவதும் பாராமலே இருந்துவிட்டு ‘அறியாமல் செய்தேன்’ என்று சொன்னால், அது அறியாமையா அல்லது அறிய மறுத்ததா? பக்கத்து வீட்டார் பசியோடு இருந்தது எனக்குத் தெரியாது என்று பத்து ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருப்பவனை நாம் அறியாதவன் என்று விட்டுவிடுவோமா? அண்டை வீட்டாரை அறிந்துகொள்வது அவர்களுக்குரிய கடமையின் முதற்படி. நம் வாசலில் முளைப்பவையும் ஊர்பவையும் அப்படித்தான். அவற்றை அறிந்துகொள்வது பொழுதுபோக்கு அல்ல. நம் கையில் தரப்பட்ட அமானிதத்தின் முதற்படி என்பதே நமது கருத்து.

முற்காலத்து நபி ஒருவரை ஓர் எறும்பு கடித்தது. அவர்கள் எறும்புப் புற்றையே எரித்துவிடச் செய்தார்கள். கடித்தது ஓர் எறும்பு, எரிக்கப்பட்டதோ துதி செய்யும் ஒரு சமுதாயம் என்று அல்லாஹ் அவர்களைக் கண்டித்தான். இந்த வரலாறு புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒன்றின் தீங்குக்காக எல்லாவற்றையும் அழிப்பதற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா?

ஹரம் எல்லையில் ஒரு சட்டம்

தானாக முளைத்ததற்கு மார்க்கம் தந்திருக்கும் கண்ணியத்தை அறிய வேண்டுமானால் மக்காவின் ஹரம் எல்லைக்குச் செல்ல வேண்டும். மக்கா வெற்றியின்போது (ஹிஜ்ரி 8, கி.பி. 630) அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்த எல்லையின் புனிதத்தை அறிவித்தார்கள். அங்கே முள்ளை வெட்டலாகாது, பசும்புல்லை அறுக்கலாகாது, வேட்டைப் பிராணியை விரட்டவும் ஆகாது என்றார்கள். அப்போது ஹஜ்ரத் அப்பாஸ் (ரலி) அவர்கள் ‘இத்கிர்’ என்னும் புல்லுக்கு மட்டும் விலக்குக் கேட்டார்கள். அது கொல்லர்களுக்கும் வீடுகளுக்கும் கபுருகளுக்கும் தேவைப்படுகிறது என்றார்கள். பெருமானார் (ஸல்) அவர்களும் இத்கிருக்கு விலக்கு அளித்தார்கள். நம் நாட்டு எலுமிச்சைப் புல்லின் இனத்தைச் சேர்ந்த வாசனைப் புல் அது.

இதில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. முதலாவது, சட்ட மேதைகள் இதற்குத் தந்த விளக்கம். மனிதன் விதைத்த தானியத்தையும் கீரையையும் ஹரமிலே அறுத்துக்கொள்ளத் தடையில்லை. தானாக முளைத்த பச்சைதான் தடுக்கப்பட்டது. நாமோ இதற்கு நேர்மாறாக, நட்டுவைத்த செடிக்கு வேலியும், தானாக வந்ததற்கு வெட்டுக்கத்தியும் வைத்திருக்கிறோம். உலகிலேயே மிகப் புனிதமான நிலத்தில், மனிதக் கை படாத புல்லுக்குப் பாதுகாப்பு விதிக்கப்பட்டிருக்கிறது. ஏனெனில் அதற்கு வேறு உடையவன் இல்லை, அல்லாஹ் ஒருவனே உடையவன்.

இரண்டாவது, அந்த விலக்கு. தேவை என்று வந்தபோது தடை தளர்த்தப்பட்டது. ஆனால் எந்தப் புல், எதற்காக என்று பெயர் சொல்லிக் கேட்கப்பட்டது. பெயர் சொல்லி அனுமதிக்கப்பட்டது. ‘புல்தானே’ என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து யாரும் கேட்கவில்லை. ஹரமுக்கு உரிய சட்டத்தை நம் ஊர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. அப்படிச் சொல்வது மார்க்கத்தில் மிகைப்படுத்துதலாகும். ஆயினும் அந்தச் சட்டம் கற்றுத்தரும் ஒழுக்கத்தை ஊருக்குக் கொண்டுவரத் தடை என்ன? ஹஜ்ஜுக்குச் சென்றவர் அங்கே ஒரு புல்லைக் கிள்ள அஞ்சிய விரல்களை ஊர் திரும்பியதும் மறந்துவிட வேண்டுமா?

கபுரின் மீது நிற்கும் பசுமை

இரண்டு கபுருகளின் அருகே சென்ற அண்ணலார் (ஸல்) அவர்கள், ஒரு பச்சைப் பேரீச்ச மட்டையை இரண்டாகப் பிளந்து ஒவ்வொன்றின் மீதும் நட்டு, அவை உலராதிருக்கும் வரை அவ்விருவரின் வேதனை இலேசாக்கப்படலாம் என்று நவின்ற செய்தியை அறியாதவர் நம்மில் இல்லை. அது நபி (ஸல்) அவர்களுக்கு மட்டும் உரிய சிறப்பு என்று கூறும் உலமாக்களும் உண்டு. பசுமை துதி செய்வதால் எல்லாருக்கும் பொதுவானது என்று கூறுவோரும் உண்டு. ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த இப்னு ஹஜர் அல்-ஹைத்தமீ (ரஹ்) அவர்கள் கபுரின் மீது பச்சைக் கிளை வைப்பதை ஸுன்னத் என்றும், அது உலருமுன் அதை எடுத்துவிடக் கூடாது என்றும் எழுதினார்கள். ஹனபீ மத்ஹபின் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் ‘ரத்துல் முஹ்தார்’ நூலில் மையவாடியின் பசும்புல்லை வெட்டுவது மக்ரூஹ் என்றும், காய்ந்ததை அகற்றக் குற்றமில்லை என்றும் தெளிவாக்கியிருக்கிறார்கள்.

ஆக, தமிழகத்தில் நாம் பின்பற்றும் இரண்டு மத்ஹபுகளின் நூல்களிலும் இதற்கு வழிகாட்டுதல் இருக்கிறது. பசுமையை விட்டுவிடு, காய்ந்ததை எடு என்ற இந்தச் சிறு விதிக்குள் பருவங்களின் அறிவே அடங்கியிருக்கிறது. எப்போது காயும்? எப்போது விதை உதிரும்? அதை அறிய ஓராண்டு முழுவதும் பார்த்திருக்க வேண்டுமே!

மையவாடியின் ஓராண்டு

நமது மாதங்கள் பிறையைப் பின்பற்றுபவை. ரமலான் ஆண்டுக்குச் சுமார் 11 நாட்கள் முன்னேறி, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு முறை சுற்றி வந்துவிடுகிறது. ஆனால் செடியும் பூச்சியும் சூரியனையும் மழையையும் பின்பற்றுகின்றன. பஜ்ருக்கும் மஃரிபுக்கும் பள்ளிக்கு நடந்து செல்பவர் இவ்விரண்டு கணக்குகளையும் ஒருங்கே காணும் பேறு பெற்றவர்.

ஆவணியில் முதல் மழைகள் விழுந்து மண் நனைந்ததும், இரத்தச் சிவப்பில் பட்டுத்துணி போர்த்தியது போன்ற தம்பலப்பூச்சிகள் தரைமேல் வருகின்றன. எட்டுக் கால்கள் உடைய அது சிலந்தியின் உறவு. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழித்துவிட்டு, சில நாட்கள் மட்டும் வெளியே உலவி, கரையானையும் பிற பூச்சிகளின் முட்டைகளையும் தின்றுவிட்டு மறைந்துவிடுகிறது. மழை பெய்த அந்தியில் மஃரிபுத் தொழுகையின்போது பள்ளியின் குழல் விளக்கைச் சுற்றி ஈசல்கள் மொய்க்கும். கரையான் புற்றிலிருந்து புறப்பட்ட ஆணும் பெண்ணும்தான் அவை. இறகை உதிர்த்து, இணை சேர்ந்து, மண்ணுக்குள் புகுந்து புதுப் புற்றுக்கு அரசனும் அரசியுமாக வேண்டியவை. விளக்கின் அடியில் விழுந்து மிதிபட்டுச் சாகின்றன. வெளி விளக்கை அரை மணி நேரம் அணைத்து வைத்தால் அவை தம் வழியே போய்விடும். ஸுலைமான் (அலை) அவர்களின் கைத்தடியை அரித்து அவர்களின் வஃபாத்தை வெளிப்படுத்தியது (34:14) இந்தக் கரையான் இனம்தான் என்று விளக்கவுரைகள் கூறுகின்றன.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது மையவாடி முழுவதும் குப்பைமேனியும் கீழாநெல்லியும் மூக்கிரட்டையும் தலை காட்டுகின்றன. குப்பைமேனிக்குப் ‘பூனைவணங்கி’ என்றும் பெயருண்டு. அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து முகர்ந்து புரள்வதை நம் வீட்டுப் பூனையிடமே காணலாம். வேலியில் படரும் முடக்கத்தானின் காற்றடைத்த காயைப் பிரித்தால், கரிய விதையின்மேல் இதயம் போல் ஒரு வெள்ளைக் குறி இருக்கும். தகரைச் செடி அந்தி சாய்ந்ததும் இலைகளை மடித்துக்கொண்டு, விடிந்ததும் விரிக்கிறது. இரவெல்லாம் தவளைகளின் ஒலி. மருந்துக்காகத் தவளையைக் கொல்வது பற்றி ஒரு மருத்துவர் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள் என்று அபூதாவூதில் காண்கிறோம்.

மார்கழி, தையில் தும்பை வெண்பூப் பூக்கிறது. தேனீக்களும் பட்டாம்பூச்சிகளும் அதை விடுவதில்லை. பஜ்ரு முடிந்து திரும்பும்போது, இரவில் கண்ணுக்குத் தெரியாதிருந்த சிலந்தி வலைகள் எல்லாம் பனித்துளி தாங்கி நிற்பதைக் காணலாம். மாசி, பங்குனியில் செடிகள் காய்ந்து விதையை உதிர்க்கின்றன. ஜனாஸாவுக்குப் போய் வந்தவரின் கைலியில் நாயுருவி விதைகள் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்துவிடும். அதுவே அச்செடி ஊர் விட்டு ஊர் போகும் வழி.

சித்திரை வெயிலில் எல்லாம் கருகிய பின்னும் எருக்கு பச்சையாக நிற்கும். எதற்கும் உதவாதது என்று நாம் பெயர் வைத்த அந்தச் செடியின் இலையில்தான் ‘வெந்தய வரியன்’ என்னும் பட்டாம்பூச்சியின் புழு வளர்கிறது. எருக்கின் நஞ்சை அது தன் உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதை விரும்பி உண்பதில்லை. சுவரோரத்து உலர்ந்த மணலில் புனல் போன்ற சிறு குழிகளைத் தோண்டி, அடியில் குழியானை எறும்புக்காகக் காத்திருக்கும். பிற்காலத்தில் அதுவே தட்டானைப் போன்ற மெல்லிய சிறகுகள் கொண்டு பறந்துபோகிறது. மண்ணுக்குள் கிடந்தது வேறோர் உருவில் எழுந்து வரும் இந்தக் காட்சியைக் கபுருகளின் நடுவே நின்று காண்பவனுக்கு, மறுமையில் எழுப்பப்படுவதைப் பற்றி நெஞ்சில் ஓர் எண்ணமும் தோன்றாதா?

காளானும் மன்னும்

மழைக்குப் பிறகு புற்றுகளின் அருகே காளான்கள் முளைக்கின்றன. கரையான்கள் தம் புற்றுக்குள் ஒருவகைப் பூஞ்சணத்தைப் பயிர் செய்கின்றன. மழையில் அதுவே நீண்ட தண்டுடன் மண்ணைப் பிளந்து புற்றுக் காளானாக வெளிவருகிறது. உழவுத் தொழில் மனிதனுக்கு மட்டும் கற்பிக்கப்பட்டது என்று நினைப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

‘கம்ஆ’ என்பது மன்னு வகையைச் சேர்ந்தது, அதன் நீர் கண்ணுக்கு நிவாரணம் என்ற கருத்தில் ஒரு நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. இதைத் தமிழில் சிலர் ‘காளான்’ என்று பெயர்த்துவிட்டதால் ஒரு குழப்பம் நேர்கிறது. கம்ஆ என்பது அரபுப் பாலைவனங்களில் இடிமழைக்குப் பின் மண்ணுக்குள்ளேயே கிழங்கு போல் உருண்டு விளைவது. சில பாலைச் செடிகளின் வேரோடு கூடி வாழ்கிறது. மண் சற்றே வெடித்து உப்பியிருப்பதைக் கண்டு தோண்டி எடுப்பார்கள். வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் சகோதரர்கள் இதைக் குளிர்காலக் கடைசியில் சந்தைகளில் பார்த்திருப்பார்கள். நம் ஊர்க் குடைக்காளான் அதுவல்ல. ஆகவே நபிமொழியைச் சொல்லிக்கொண்டு காளான் நீரை யாரும் கண்ணில் விட்டுவிடக் கூடாது. மழைக்குப் பின் புல்தரைகளில் வெண்குடை போல் அழகாக நிற்கும் பெரிய காளான்களில் வயிற்றைக் கடுமையாக வருத்தும் நஞ்சுள்ள வகையும் இருக்கிறது. வெள்ளிக் கரண்டி கறுத்தால்தான் நஞ்சு என்னும் சோதனை தவறானது. பழகி அறிந்தவர் உறுதி சொல்லாத எதையும் சமையலறைக்குக் கொண்டுவராதீர்கள்.

கம்ஆவை ஏன் மன்னு வகை என்றார்கள்? இஸ்ரவேலர்களுக்கு உழைப்பின்றி இறக்கப்பட்ட மன்னைப் போல, விதைக்காமலும் நீர் இறைக்காமலும் இது கிடைப்பதால்தான் என்று இமாம்கள் விளக்கினார்கள். விதைக்காமல் முளைத்ததை நாம் களை என்கிறோம். அதே தன்மையைக் காட்டித்தான் அங்கே மன்னு என்று சொல்லப்பட்டது.

தீங்கு தருபவை

அப்படியானால் பாம்பையும் தேளையும் வளர்க்கச் சொல்கிறீர்களா என்று கேட்கலாம். இல்லை. தொழுகையில் இருக்கும்போது கூடப் பாம்பையும் தேளையும் கொல்ல அனுமதி உண்டு. தீங்கைத் தடுப்பது மார்க்கத்தின் விதி. வீட்டைச் சுற்றித் தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் நீர் தேங்கவிட்டு டெங்குக் கொசுவை வளர்ப்பது படைப்பினங்களுக்குச் செய்யும் தயவல்ல. அண்டை வீட்டாருக்குச் செய்யும் கேடு. தூய்மை ஈமானின் பகுதி என்பதில் யாருக்கு மாற்றுக்கருத்து?

செடிகளிலும் தீங்கு தருபவை உண்டு. அமெரிக்க நாடுகளிலிருந்து வந்து சேர்ந்த சீமைக் கருவேலம் மற்றச் செடிகளை முளைக்கவிடாமல் இடத்தையே அடைத்துக்கொள்கிறது. பார்த்தீனியம் தோலில் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் தருகிறது. இவற்றை அகற்றுவது நன்மையே. பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் கையுறை அணிந்து பிடுங்க வேண்டும். ஆனால் பாருங்கள், இந்த இரண்டை அகற்றவும் இவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்தறியத் தெரிய வேண்டும். தெரியாதவன் கையில் உள்ள மருந்துக்குத் தும்பையும் பார்த்தீனியமும் ஒன்றுதான். தீங்கைத் தடுக்கும் கடமைக்கும் அறிவே முதல் தேவை.

பெயர் அறிதல்

ஆதம் (அலை) அவர்களுக்கு முதலில் கற்பிக்கப்பட்டவை பெயர்கள் (2:31). அந்த வாரிசுரிமையை நம் முன்னோர் மதித்தார்கள். மலாகாவில் பிறந்து 1248-ல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார், ஊர் ஊராகச் சென்று செடிகளைத் திரட்டி, சுமார் 1,400 மருந்துப் பொருட்களை வரிசைப்படுத்தி நூல் எழுதினார். 1405-ல் மறைந்த எகிப்தின் ஷாபிஈ சட்ட மேதை அத்-தமீரீ, ‘ஹயாத்துல் ஹயவான்’ என்ற நூலில் ஒவ்வொரு பிராணியின் பெயரையும் இயல்பையும் சொல்லி, அதைப் பற்றிய சட்டத்தையும் எழுதினார். அவருக்கு உயிரினத்தைப் பற்றிய அறிவும் சட்டமும் ஒரே ஏட்டில் இருந்தன.

அண்மைக் காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. பம்பாயில் வளர்ந்த ஸாலிம் அலி (1896–1987), சிறுவனாக இருந்தபோது சுட்ட ஒரு குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது. இது உண்ண ஆகுமானதுதானா என்ற ஐயத்துடன் அதைத் தம் மாமாவிடம் கொண்டுபோனார். அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். ‘ஆகுமா’ என்ற கேள்வி ‘இது என்ன’ என்ற கேள்வியாகி, இந்நாட்டின் தலைசிறந்த பறவையியல் அறிஞரை உருவாக்கிற்று.

நம் வீடுகளில் இந்த அறிவைக் காத்து வைத்திருந்தவர்கள் உம்மம்மாமார்களும் நன்னிமார்களும்தான். சிரங்குக்குக் குப்பைமேனி எது, துவையலுக்குத் தூதுவளை எது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் ஒவ்வொருவராக மறையும்போது அந்தப் பெயர்களும் கபுருக்குள் போகின்றன. அவர்களின் கபுரின் மேலேயே அந்தச் செடிகள் முளைத்து நிற்கின்றன. அவற்றின் பெயர் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியவில்லை!

செய்ய வேண்டியவை

ஜமாஅத்தார் மையவாடியில் நஞ்சு தெளிப்பதையும் மண்ணைப் புரட்டுவதையும் கைவிட வேண்டும். ஜனாஸா செல்லும் பாதையையும் கபுரு வெட்டும் இடத்தையும் திருத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். கபுருகளை மிதிக்கும்படி ஆகாமலிருக்க அது அவசியம். சீமைக் கருவேலத்தையும் பார்த்தீனியத்தையும் வேரோடு களையுங்கள். மற்றவற்றைப் பங்குனியில் விதை உதிர்ந்து காய்ந்த பின் கையால் அறுத்துக்கொள்ளுங்கள். தீ வைக்காதீர்கள்.

வீட்டில் உம்மாமார்கள், கொல்லையின் ஒரு மூலையை மட்டுமாவது தானாக முளைப்பதற்கு விட்டுவையுங்கள். வாரம் ஒரு முறை பிள்ளைகளை அழைத்துச் சென்று, புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தெரியாததை வீட்டிலுள்ள முதியவர்களிடம் கேட்டு, பெயரையும் மாதத்தையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எதையும் வாயில் வைக்கக் கூடாது, கல்லையும் சருகையும் கையால் புரட்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஓராண்டு முடியும்போது அந்த நோட்டில் ஐம்பது பெயர்கள் சேர்ந்திருந்தாலும் போதும். ஐம்பது உயிர்களை இனி அந்தப் பிள்ளை அறியாமல் மிதிக்காது.

தானாக முளைத்தது ஆளில்லாதது அல்ல. அதற்கு உடையவன் இருக்கிறான். நாளை அவன் முன்னிலையில், உன் வாசலில் நான் முளைக்கச் செய்ததைப் பார்த்தாயா என்று நம்மிடம் கேட்கப்பட்டால், பார்த்தோம் என்று சொல்லும் கண்களை வல்ல நாயன் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.